உயர்ந்த கூலி எந்த நாளில் கைக்கு வரும்?



குறைந்தபட்சக் கூலி என்றதும் எவ்வளவு என்று கேட்கிறோம். எந்த நாளிலிருந்து என்று கேட்பவர் குறைவு. அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொள்கிறேன். களம் பிரிட்டன். அங்குள்ள கிடங்குகளிலும் முதியோர் இல்லங்களிலும், ஆட்களை அனுப்பும் ஏஜென்சி வழியாக ஷிப்ட் பார்ப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அதனால் நமக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. 1999 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 22 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 3 பவுண்டு 60 பென்ஸ். 2025 ஏப்ரல் 1 அன்று, 21 வயது நிரம்பியோருக்கான கூலி 11 பவுண்டு 44 பென்ஸிலிருந்து 12 பவுண்டு 21 பென்ஸாக உயர்ந்தது. மணிக்கு 77 பென்ஸ் கூடுதல். கேட்டவர்கள் ஏப்ரல் 1 முதல் அந்தக் காசு தங்களுக்கு வரும் என்றே நினைத்தார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை.

சம்பளத்தைக் கணக்கிடும் காலம் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு நாளாக, ஒரு வாரமாக, நான்கு வாரமாக இருக்கலாம். ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்தின் முதல் நாளில் எந்தக் கூலி நடப்பில் இருந்ததோ, அதுவே அந்தக் காலம் முழுவதற்கும் சட்டம் கேட்கும் குறைந்த அளவு. நடுவில் ஏப்ரல் பிறந்தாலும் கணக்கு மாறாது. சம்பளம் வங்கியில் விழும் நாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் குழம்புவது அங்கேதான். மார்ச் கடைசி வாரத்து வேலைக்கு ஏப்ரலில் பணம் வந்தால் பழைய கூலிதான் பொருந்தும்.

ஒரே கிடங்கில் வாரத்துக்கு 40 மணி நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு உழைக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். இருவரின் கணக்குக் காலமும் 2025 மார்ச் 31, திங்கட்கிழமை தொடங்குகிறது. ஒருவருக்கு வாரக் கணக்கு. ஏப்ரல் 7 முதல் புதிய கூலி. மற்றவருக்கு ஏஜென்சி வைத்திருப்பது நான்கு வாரக் கணக்கு. அவர் ஏப்ரல் 28 வரை காத்திருக்க வேண்டும். இடையில் மூன்று வாரம், 120 மணி நேரம், 92 பவுண்டு 40 பென்ஸ். இந்தப் பணத்தை யாரும் சட்டத்தை மீறி எடுக்கவில்லை. சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது. என்னை உறுத்துவது அதுதான்.

வாரச் சம்பளம் தரும் ஏஜென்சிகள் பல உண்டு. அங்கே இழப்பு ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எந்தக் கணக்கு என்பதைத் தீர்மானிப்பவர் தொழிலாளி அல்ல. 2020 ஏப்ரல் முதல், எவ்வளவு இடைவெளியில் சம்பளம் என்பதை ஏஜென்சி முன்கூட்டியே எழுத்தில் தந்தாக வேண்டும். தெரிந்துகொள்ளலாம், மாற்றச் சொல்ல முடியாது.

கூலி உயர்வைக் கரைப்பது தேதி மட்டும் அல்ல, எண்ணப்படாத நிமிடங்களும்தான். டெர்பிஷயரில் ஷயர்புரூக் என்ற ஊரில் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் நிறுவனத்தின் கிடங்கு. அங்கே வேலை செய்தவர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் ஏஜென்சி ஆட்கள். ஷிப்ட் முடிந்து சோதனைக்கு வரிசையில் நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை. ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் கால்மணி நேரக் கூலி போய்விடும். நாளிதழ் ஒன்று 2015-இல் இதை வெளிக்கொண்டுவந்தது. 2016-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்த ஆண்டே தொழிலாளர்களுக்குச் சுமார் பத்து லட்சம் பவுண்டு நிலுவை தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பொறுப்பு யாருடையது? பிரிட்டனில், சம்பளம் தர வேண்டியவர் ஏஜென்சி என்றால் ஏஜென்சியே பதில் சொல்ல வேண்டும். வேலை வாங்கும் கிடங்கு ஒதுங்கிக்கொள்ளலாம். நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இந்த இடத்தில் உறுதியாக நின்றது: காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும். நடைமுறையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது வேறு விஷயம். எழுத்தில் அந்தப் பிடி இருந்தது. தேதி என்று பார்த்தால், நம் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி உயர்வும் தேதியைப் பிடித்தே வருகிறது. மத்திய அரசின் கணக்கில் ஏப்ரல் 1, அக்டோபர் 1.

ஒரே கணக்கில் இரண்டு கூலி போட்டால் சிக்கல் என்று பிரிட்டனின் விதிக்கு நியாயம் சொல்வார்கள். கையால் பேரேடு எழுதிய காலத்தில் அதை நானும் ஏற்றிருப்பேன். இன்று அதே டைம்ஷீட்டில் இரவு ஷிப்டுக்கு ஒரு கூலி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கூலி என்று கணினி பிரித்துப் போடுகிறது. மார்ச் 31-ஐயும் ஏப்ரல் 1-ஐயும் பிரிக்க அதற்கு என்ன தடை?

ஏப்ரல் 1 முதல் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் புதிய கூலி என்று விதி மாற வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கணக்குக் காலத்தைப் பற்றிய வரி இருப்பது 2015-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலி விதிகளில்தான். புதிய தொகையை எழுதுவதற்காக அரசு ஆண்டுதோறும் திருத்துவதும் அதே விதிகளைத்தான்.