கிடாக்குட்டியை எப்போது விற்பது?
(திருவனந்தபுரத்தில் அதிகாரிகளும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 13.6 லட்சம். தமிழ்நாட்டிலோ வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 லட்சம்; செம்மறிகள் 45 லட்சம். எனவே எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் செல்வதில் வியப்பில்லை. அங்கு வரும் குட்டிகளில் பல, பால் மறந்த சில வாரங்களில் விற்கப்படுபவை. இது இலாபமா?

கணக்குக்காகச் சில விலைகளைக் கொள்வோம். மூன்று மாதக் கிடாக்குட்டியின் எடை 10 கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய். விலை 4,000 ரூபாய். நாளொன்றுக்கு 80 கிராம் வீதம் மேலும் 90 நாள் வளர்ந்தால் 17.2 கிலோ, விலை 6,880 ரூபாய். அடர்தீவனம் 18 கிலோவுக்கு 540 ரூபாய். மருந்து, கூலி, வட்டிக்கு 800 ரூபாய். மிச்சம் 1,540 ரூபாய்.

ஆயின் குட்டிகள் மடிவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்தில் ஒன்று இறந்தால் மிச்சம் ஏறத்தாழ 850 ரூபாயாகக் குறைகிறது. ஐந்தில் ஒன்று இறந்தால் 165 ரூபாய்கூட நிற்காது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் இல்லாத மந்தையில், குட்டியை முன்னதாகவே விற்றுவிடும் விவசாயியை அறியாதவர் என்று நம் அறிக்கைகள் எழுதுவது பொருந்தாது. அவர் கணக்குத் தெரிந்தவர்.

தாமே அறுத்துக் கறியாக விற்றால்? 17.2 கிலோ ஆட்டில் கறி சுமார் 8 கிலோ. கிலோ 800 ரூபாய் என்றாலும் 6,400 ரூபாய்தான். உயிருடன் விற்ற விலையைவிடக் குறைவு. தலை, கால், குடல், ஈரல் விற்றால்தான் ஆதாயம். அதற்கு உரிமம் வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும், அன்று காலையிலேயே அனைத்தும் விற்றுத் தீர வேண்டும். இது கசாப்புக் கடைக்காரரின் தொழில். ஆதாயம் கத்தியில் இல்லை. அந்த 90 நாட்களில்தான் உள்ளது.

அந்த நாட்களைக் கடக்க இரண்டு தேவை. ஒன்று தராசு. துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலையில், கூடிய ஏழு கிலோவும் தரகர் கண்ணுக்கு ஐந்தாகத் தெரியலாம். மற்றொன்று கைமாற்றுக் கடன். விவசாயக் கடன் அட்டை 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனச் செலவுக்கு அதனைப் பெறலாம். ஆனால் பள்ளிக் கட்டணத்துக்காகக் குட்டியை விற்கும் வீட்டுக்குத் தீவனக் கடன் மட்டும் போதாது. தவணையையும் குட்டி விற்கும் மாதத்தை ஒட்டியே வங்கிகள் வகுக்க வேண்டும். பெட்டைக்குட்டிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவை நாளைய மந்தை.