வெளிச்சம் எங்கே வேண்டும்?



நீங்கள் ஊர் திரும்பிவிட்டீர்கள். கொட்டில் போட்டாயிற்று, கிணறு இறைத்தாயிற்று. மின்கம்பி வரக் காலம் எடுக்கலாம். அதுவரை சூரியசக்தி மின்சாரம் கைகொடுக்கும். ஆனால் விளக்கு எங்கே எரிய வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. இருட்டினால் உங்கள் ஊரில் யாருக்குக் கூடுதல் கஷ்டம்? இரவில் மலசலகூடத்துக்குத் தனியே போகப் பயப்படும் பெண்பிள்ளைக்கு; ஆண்துணையின்றிக் குடும்பத்தை நடத்தும் அம்மாவுக்கு; ஊன்றுகோலோடு நடப்பவருக்கு; போத்தல் விளக்கில் படிக்கும் பிள்ளைக்கு. இவர்கள் கூட்டத்தில் இல்லாவிட்டால், வெளிச்சம் சந்தியில் மட்டுந்தான் எரியும். ஆகவே இவர்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். வர முடியாதவரிடம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது, அளவு. 100 வாற்று சூரியத் தகடு ஒன்று, நல்ல வெயில் நாளில் 5 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் 10ஐ ஏறத்தாழ 5 மணித்தியாலம் எரிக்கும். மாரிகாலத்தில் இது குறையும். அதிலேயே தொலைக்காட்சியையும் கொழுவினால் பற்றரி அடிக்கடி முற்றாக இறங்கி, சீக்கிரம் பழுதாகும். எதற்குப் பாவிப்பது, எதற்குப் பாவிக்கக் கூடாது என்று முதலே பேசி முடிவெடுங்கள்.

மூன்றாவது, பணம். பற்றரி சில வருடங்களில் மாற்ற வேண்டிய பொருள். மலைநாட்டிலும் சப்ரகமுவவிலும் மின்கம்பி எட்டாத கிராமங்கள் பல, ஓடை நீரிலிருந்து தாங்களே மின்சாரம் எடுத்தன. மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, உடலுழைப்புக் கொடுத்து, மாதாந்தம் காசு சேர்த்துப் பராமரித்தன. நீங்களும் அப்படிச் செய்யலாம். கொடுக்க இயலாத குடும்பம் வேலையாகக் கொடுக்கட்டும். கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். பொருளாளராக ஒரு பெண் இருப்பது நல்லது.

சில கவனங்கள்: தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சரிவாகப் பூட்டுங்கள். பனை, மா நிழல் அதில் விழக் கூடாது. தூசியைத் துடையுங்கள். நீர் விடும் வகைப் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். அதன் அமிலம் தோலைச் சுடும். பிள்ளைகளுக்கு எட்டாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மிதிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தாத நிலத்தில் கம்பத்துக்குக் குழி தோண்டவே வேண்டாம்.

விளக்குப் பூட்டி ஒரு மாதம் கழித்து, முதலில் கேட்ட அதே ஆட்களிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்: "இப்போது இரவில் வெளியே போகப் பயமில்லையா?" அவர்கள் சொல்லும் பதிலே உங்கள் திட்டத்துக்குக் கிடைக்கும் புள்ளி.