கொல்லைப்புறத்திற்கும் ஒரு மானியம்

மானியம் என்றதும் உரம், மீன்பிடிப் படகு, பள்ளிக் கட்டடம் ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டு வாசலில் நான்கு செடிகள் நடவும், அவற்றைத் தேடிக் குருவியும் வண்ணத்துப்பூச்சியும் வரவும் அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று யாராவது சொன்னால், நம்மில் பலர் சிரித்துவிடுவோம். ஆனால் அப்படியும் கொடுத்திருக்கிறார்கள். எதற்காகக் கொடுக்கிறார்கள்? அதில் நம் குடும்பங்களுக்குப் பங்கு உண்டா? இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் முற்றிலும் புதிதன்று. செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அது ஆந்தைக்காகக் கட்டிய வீடு. ஆந்தை எலியைப் பிடிக்கும். எலி குறைந்தால் பழக்குலை தப்பும். பாதையோரங்களில் டர்னரா என்னும் பூச்செடியையும் வரிசையாக நடுகிறார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டுமா நடுகிறார்கள்? செம்பனை ஓலையை அரித்துத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் உணவு. ஓர் உயிருக்கு இடமும் உணவும் கொடுத்தால் அது திருப்பி உழைக்கும் என்பதைத் தோட்ட நிர்வாகம் கணக்குப் போட்டுப் பார்த்தே செலவு செய்கிறது.

இதே கணக்கு நகரத்திற்கும் பொருந்தும். பத்துமலைக்குத் தைப்பூசத்திற்குச் செல்லும் நாம், அங்குள்ள குகைகளில் தங்கும் வௌவால்களைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. அவற்றுள் ஒருவகை பூந்தேன் குடித்து வாழ்வது. 1970-களில் அதை ஆராய்ந்தவர்கள், அது இரவில் 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, கடலோர அலையாத்திக் காட்டில் பூக்கும் பெரெம்பாங் மரங்களை நாடிச் செல்வதைக் கண்டறிந்தார்கள். டுரியான் பூவிலும் பெத்தாய்ப் பூவிலும் மகரந்தம் சேர்ப்பது முக்கியமாக இந்த வௌவால்தான். மலைக்கும் கடலுக்கும் நடுவே இன்று நெடுஞ்சாலைகளும் தாமான்களும் நிறைந்துள்ளன. வழியில் அதற்குக் கிடைப்பது என்ன? ஒரு வீட்டின் வாழைப்பூ, ஒரு கோயிலின் மரம், ஒரு பள்ளித் திடலின் ஓரம். இவை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு தங்குமடம். ஆகவே ஒரு வீட்டுக் கொல்லை அந்த வீட்டாருக்கு மட்டும் பயன்படுவதன்று, ஊருக்கே பயன்படுவது. அதனால்தான் பொதுப் பணத்தில் ஒரு சிறு பகுதியை அதற்குக் கொடுப்பது நியாயம் ஆகிறது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டு இத்தகைய திட்டமொன்று தொடங்கியது. புல்தரையை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய பூச்செடிகளை நடும் வீட்டுக்காரருக்கு, செலவில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பிக் கொடுத்தது. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 350 டாலர் வரை கிடைத்தது. அழிந்துவரும் தேனீ வகைகளைக் காப்பதே அதன் நோக்கம்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இதற்கு நெருங்கிய ஏற்பாடு உண்டு. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011-ஆம் ஆண்டில் மதிப்பீட்டு வரிக் கழிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்துவது, குப்பையை உரமாக்குவது, செடிகொடி வளர்ப்பது ஆகியவற்றைச் செய்யும் வீட்டுக்கு வரியில் 500 ரிங்கிட் வரை தள்ளுபடி என்று அறிவித்தது. பங்சாரில் ஃப்ரீ ட்ரீ சொசைட்டி என்னும் அமைப்பு 2013 முதல் மரக்கன்றுகளை இலவசமாக வழங்கி வந்திருக்கிறது. பங்சார் என்ற பெயரே, புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர் தாங்கிய ரப்பர் தோட்டத்திலிருந்து வந்ததாகும். பால்மரம் நின்ற மண்ணிலிருந்து இன்று இலவசக் கன்று கிடைக்கிறது.

இனி நம் பங்குக்கு வருவோம். வரித் தள்ளுபடி யாருக்குப் பயன்படும்? சொந்த வீடும், வீட்டைச் சுற்றி மண்ணும், வரிக் கட்டண ரசீதும் உள்ளவருக்கு. லயத்து வீட்டில் இருப்பவருக்கு வீடு சொந்தமில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, கிள்ளானிலோ பூச்சோங்கிலோ அடுக்குமாடியின் நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தவருக்கு மண்ணே இல்லை. மேலும் "முதலில் செலவு செய், பிறகு பணம் தருகிறோம்" என்பது மாதச் சம்பளம் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும் குடும்பத்திற்கு எட்டாத உதவி. அத்தகைய குடும்பத்திற்கு, பிறகு வரப்போகும் 300 வெள்ளியைவிட இன்று கைக்கு வரும் ஒரு கன்றும், ஒரு மூட்டை மண்ணும், அதை நட ஓர் இடமும் பெரியவை.

இடம் கேட்பது பிச்சை கேட்பதன்று. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துத் தொழிலாளர் சட்டமே, குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிர்செய்துகொள்ள ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை முதலாளி ஒதுக்க வேண்டும் என்றது. அந்தக் கொல்லையில்தான் நம் பாட்டிமார் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வளர்த்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வீட்டுக்கு ஈடு கேட்டுப் போராடினோம். அந்தக் கொல்லைக்கு ஈடு கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே இப்போது கேட்கலாம். தனித்தனியாகக் கேளாமல் சேர்ந்து கேட்கலாம். அடுக்குமாடியின் நிர்வாகக் குழு, தாமான் குடியிருப்பாளர் சங்கம், கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை ஊராட்சி மன்றத்திற்கு எழுதலாம். எந்த இடம், எத்தனை அடி, யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற மூன்றையும் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 2001 முதல் மலேசியாவிலும் நடந்து வந்திருக்கிறது. அதுவும் தனி ஆட்களுக்கன்றிச் சமூக அமைப்புகளுக்கே உதவுவது. எந்தத் திட்டத்திலும் விதிகளும் தொகையும் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்குமுன் அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, என்ன நடலாம்? பூந்தொட்டி மட்டுமே உள்ளவர்கள் வெட்சி வைக்கலாம். இக்சோரா என்கிறோமே, அதுதான். அதன் தேனுக்குத் தேன்சிட்டு வரும். செண்டுடுக் செடியை மறந்திருக்க மாட்டோம். பால்மரக் காட்டு ஓரத்தில் ஊதாப் பூவுடன் நிற்கும். அதன் பழத்தைத் தின்ற சிறுவர்களின் நாக்கு கறுத்துவிடும். அது இந்த மண்ணின் செடி. பழத்திற்குப் பறவைகளும் பூவுக்குத் தேனீக்களும் வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சமையலுக்கு மட்டுமன்றி வண்ணத்துப்பூச்சி முட்டையிடவும் உதவும். முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும் புழு இலையைத் தின்றால், மருந்தடிக்க ஓட வேண்டாம். சில நாட்களில் அதுவே வண்ணத்துப்பூச்சியாகும். செடியும் மீண்டும் துளிர்க்கும்.

கோயில் வளாகமும் பள்ளித் திடலும் பெரிய மரங்களுக்கு ஏற்றவை. மகிழம், புன்னை, ஏழிலைப்பாலை ஆகிய மூன்றும் தமிழகத்திலும் இயற்கையாக வளர்பவை, மலேசியாவிலும் இயற்கையாக வளர்பவை. மகிழத்தை மலாய்க்காரர்கள் பூங்கா தஞ்சோங் என்றும், ஏழிலைப்பாலையைப் பூலாய் என்றும் அழைக்கிறார்கள். நம் முன்னோர் கப்பலேறி வருவதற்கு முன்பே இங்கே நின்ற மரங்கள் அவை. வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் அவற்றை நடக் கூடாது. வேர் பரவ இடம் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஓர் அச்சம் இருக்கும். "செடி வைத்தால் கொசு வருமே, டிங்கிக் காய்ச்சல் வருமே" என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. நாட்டில் டிங்கிச் சம்பவங்கள் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களில் சிலாங்கூர் முன்நிற்கிறது. ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம் தேங்கிய நீர்தான். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே வாரத்திற்கு ஒருநாள், பத்து நிமிடம் ஒதுக்கித் தொட்டியின் அடித்தட்டு, காலி டப்பா, பழைய டயர் ஆகியவற்றிலுள்ள நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடித்தட்டே வைக்காமலிருப்பது இன்னும் நல்லது. இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆர்வத்தோடு செய்வார்கள்.

நேயர்களே, இந்த நாட்டில் காட்டைத் திருத்திப் பால்மரம் நட்டவை நம்மவர் கைகள். மரத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அந்த அறிவு அடுக்குமாடியின் கதவுக்குப் பின்னால் முடங்கிவிடக் கூடாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வருவோம். கடிதத்திற்குப் பதில் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே ஒரு தொட்டியில் ஒரு வெட்சிக் கிளையை நட்டு வைப்போம்.