"கேஸ்தான்"னு சொல்லிட்டா முடிஞ்சுதா? வயிறு, எண்டோஸ்கோப்பி, ஒரு ஆண்-பெண் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எந்த மெடிக்கல் ஷாப் வாசல்ல பத்து நிமிஷம் நின்னாலும் ஒரு டயலாக் கண்டிப்பா காதுல விழும். "அண்ணா, கேஸுக்கு ஒரு மாத்திரை குடுங்க." ஷிஃப்ட் முடிச்சு வர்ற அண்ணனும் கேப்பாரு, கார்மென்ட் கம்பெனிக்குப் போற அக்காவும் கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் அதே மாத்திரைதான் கிடைக்கும்.

ஆனா ரெண்டு பேரோட வயித்துக்குள்ள நடக்குறது ஒண்ணா? இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம். உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலோட முதல் பகுதி, இந்த மூணு இடத்துல வர்ற நோய்கள் ஆணையும் பெண்ணையும் வேற வேற மாதிரி தாக்குது. முன்னாடியே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். மருந்து எதுவும் சொல்லப் போறதில்ல. எப்போ டாக்டர்கிட்ட போகணும்னு மட்டும் சொல்லுவேன்.

எவரெஸ்ட்ல இருந்து நெய்யூருக்கு

கதை சென்னையில ஆரம்பிக்கல, கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர்ல ஆரம்பிக்குது. அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஹோவர்ட் சாமர்வெல்னு ஒரு ஆங்கிலேய சர்ஜன். 1922-ல எவரெஸ்ட் ஏறப் போன குழுவுல இருந்தவர். அந்தப் பயணம் முடிஞ்சதும் இந்தியாவைச் சுத்திப் பார்க்க வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில கூட்டம் கூட்டமா நோயாளிங்க, ஆபரேஷன் பண்ண ஒரே ஒரு டாக்டர். அதைப் பார்த்துட்டு லண்டன் வேலை வேண்டாம்னு இங்கயே வந்துட்டார். நடுவுல 1924-ல இன்னொரு முறை எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம 28,000 அடி வரைக்கும் ஏறினார்.

நெய்யூர்ல அவருக்கு ஆச்சரியமா இருந்தது, அங்க வந்த அல்சர் நோயாளிகளோட எண்ணிக்கை. சிறுகுடலோட ஆரம்பத்துல புண்ணு வந்து, அது ஆறி, தழும்பாகி, இரைப்பையோட வாசலையே அடைச்சிடும். சாப்பிட்டது கீழ இறங்காது, வாந்தி, எலும்பும் தோலுமா ஆயிடுவாங்க. அமிலத்தைக் குறைக்கிற இன்றைய மாத்திரை எதுவும் அப்போ கிடையாது. இரைப்பைக்கும் குடலுக்கும் வேற வழி போட்டு விடுற ஆபரேஷன்தான் கதி. அந்த அனுபவத்தை வச்சு 1948-ல இரைப்பை அறுவை சிகிச்சை பத்தி அவர் புத்தகமே போட்டார். அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில பாடம் நடத்தினார்.

அந்தக் காலத் தென்னிந்திய ஆஸ்பத்திரிக் கணக்குகள்ல அல்சர் நோயாளிகள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஏன்? அரிசிச் சோறா, மிளகாயா, மரச்சீனிக்கிழங்கா, பீடியான்னு பல வருஷம் தேடினாங்க. 1982-ல ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற பாக்டீரியாவைப் பிடிச்சாங்க. 2005-ல நோபல் பரிசும் வாங்கினாங்க. பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைக்கிறீங்களா? இங்கதான் ட்விஸ்ட். அந்தக் கிருமி ஆண், பெண்ணுன்னு பெருசா பாகுபாடு பார்க்கிறதில்ல, நம்ம நாட்டுல ரெண்டு பேர்கிட்டயும் சகஜமா இருக்கு. ஆனா புண்ணா மாறுறது ஆண்கள்கிட்ட அதிகம். ஆண்களுக்கு அமிலச் சுரப்பு சராசரியா கூட, பீடி சிகரெட் கூட. பெண்களோட ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஓரளவு பாதுகாப்பு தருதுன்னும் ஆராய்ச்சியாளர்கள் கருதுறாங்க.

இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்தக் கணக்கு, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவங்க கணக்கு. அன்னைக்கு எத்தனை பெண்கள் ஆண் டாக்டர் முன்னாடி வந்து படுத்திருப்பாங்க? வேலூர்ல ஐடா ஸ்கடர் 1900-ல ஒத்தைப் படுக்கையோட சின்ன கிளினிக் ஆரம்பிச்சதுக்கும், 1918-ல பெண்களுக்குன்னு மருத்துவப் பள்ளி திறந்ததுக்கும் காரணமே, ஆண் டாக்டரை உள்ள விடாத வீடுகள்ல பெண்கள் செத்துக்கிட்டிருந்ததுதான். அதுக்காக அல்சர்ல ஆண்கள் கணக்கு முழுக்கப் பொய்யின்னு சொல்லல. டேட்டாவை யார் அனுப்புனாங்க, யார் அனுப்பலன்னு பார்க்காம கிராஃப் போடக் கூடாதுன்னு மட்டும் சொல்றேன்.

சென்னையோட பதிவேடு

அந்தக் குறையை ஓரளவு தீர்க்கத்தான் பதிவேடு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில 1981-ல மெட்ராஸ் பெருநகர புற்றுநோய்ப் பதிவேடு ஆரம்பமாச்சு. ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை மட்டும் எண்ணாம, பதிவேட்டு ஆளுங்களே நகரத்துல இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்குப் போய், இறப்புப் பதிவையும் பார்த்து எடுக்கிற கணக்கு. பல வருஷமா அதுல ஒரு விஷயம் மாறல. சென்னை ஆண்களோட முக்கியமான புற்றுநோய்கள்ல இரைப்பைப் புற்றுநோய் ஒண்ணு. பெண்களை விட ஆண்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. உலகக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

இப்போ நம்ம அப்பா, சித்தப்பா, மாமாவை நினைச்சுப் பாருங்க. 50 வயசுல புதுசா நெஞ்சு எரிச்சல் ஆரம்பிச்சா என்ன பண்ணுவாங்க? ஒரு சோடா, ஒரு ஈனோ, அப்புறம் தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. அமிலத்தைக் குறைக்கிற இந்த மாத்திரை சில சமயம் புற்றுநோய்ப் புண்ணோட வலியையும் சேர்த்துக் குறைச்சிடும். வலி போச்சு, ஆளும் டாக்டர்கிட்ட போகல, நோய் மட்டும் உள்ள வளருது. ஆபத்து அதிகமா இருக்கிற ஆளுங்கதான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஆளுங்க.

ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் நிஜம்

பெண்கள் பக்கம் கதை தலைகீழ். சாப்பிட்டதும் வயிறு கல்லு மாதிரி, உப்புசம், குமட்டல், மேல்வயித்து வலின்னு சொல்றதுல பெண்கள் எண்ணிக்கை அதிகம். ஆனா எண்டோஸ்கோப்பி பண்ணிப் பார்த்தா பல பேருக்கு புண்ணு எதுவும் இருக்காது. இதுக்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியான்னு பேரு. ரிப்போர்ட்ல 'நார்மல்'னு வந்ததும் வீட்ல என்ன சொல்வாங்க? "ஒண்ணும் இல்லையாம், டென்ஷன்தான்."

நம்ம பாஷையில சொல்றேன். லாக் ஃபைல்ல எரர் வரலன்னா பக் இல்லன்னு அர்த்தமா? அந்த லாக் எதை எழுதணும்னு செட் பண்ணியிருக்கோமோ, அதைத்தானே எழுதும். கேமரா புண்ணைப் பார்க்கும், கட்டியைப் பார்க்கும். இரைப்பை எவ்வளவு மெதுவா காலியாகுது, அங்க இருக்கிற நரம்பு எவ்வளவு கூர்மையா உணருதுன்னு கேமராவுக்குத் தெரியாது. படத்துல இல்லாத வலியும் நிஜமான வலிதான், அதுக்கும் வைத்தியம் இருக்கு.

இந்த 'டென்ஷன்தான்'ல ரெண்டு ஆபத்து ஒளிஞ்சிருக்கு.

முதல்ல ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரை உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. இரும்புச்சத்து ரொம்ப வருஷம் குறைவா இருந்தா, சில பெண்களுக்கு உணவுக்குழாயோட மேல்பகுதியில மெல்லிசா ஒரு சவ்வு உருவாகும். பிளம்மர்-வின்சன் நோய்னு சொல்றாங்க. எங்க பெரியம்மா ஒருத்தங்க ஆவடியில இருக்காங்க. இட்லியைக் கூட காபியில நனைச்சு நனைச்சுத்தான் முழுங்குவாங்க. "பெரியம்மா சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்த வேளை வந்துடும்"னு வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ரெண்டு வருஷத்துல நாலு இடத்துல கேஸ் மாத்திரை குடுத்தாங்க. கடைசியில ஒரு டாக்டரம்மா அவங்க நகத்தைப் பார்த்தாங்க. ஸ்பூன் மாதிரி குழிஞ்சிருந்துச்சு. வாய் ஓரத்துல வெடிப்பு. எண்டோஸ்கோப்பி எழுதிக் குடுத்தாங்க. சவ்வு இருந்துச்சு, அதே நேரத்துலயே விரிச்சு விட்டாங்க. இரும்புச்சத்து மருந்தும் ஆரம்பிச்சாங்க. இப்போ பெரியம்மா முறுக்கே கடிக்கிறாங்க. ஆனா அந்த நோய் இருக்கிறவங்களுக்கு தொண்டையோட அடிப்பகுதியிலயும் உணவுக்குழாய்லயும் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூட, அதனால தொடர்ந்து பார்த்துக்கிட்டிருக்கணும்.

இன்னொண்ணு, ஒரு ஆணுக்கு இரும்புச்சத்து குறைஞ்சா 'எங்கயோ ரத்தம் கசியுது, ஸ்கோப் போடு'ம்பாங்க. பெண்ணுக்குன்னா 'பீரியட்ஸ்தான்'னு முடிச்சிடுவாங்க. பல சமயம் அது சரியாவும் இருக்கும். ஆனா எப்பவும் இல்ல. மாதவிடாய் நிக்காத பெண்களுக்கும் கூட, வேற தெளிவான காரணம் தெரியலன்னா மேலயும் கீழயும் ஸ்கோப் பண்றதைப் பரிசீலிக்கலாம்னு அமெரிக்க குடல்நோய் மருத்துவச் சங்கம் 2020-ல சொல்லியிருக்கு. பீரியட்ஸ் வலிக்குன்னு வெறும் வயித்துல போடுற பெயின் கில்லரே இரைப்பையில புண்ணு போட்டு ரத்தம் கசிய வைக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

ரெண்டாவது ஆபத்து, இதயம். மாரடைப்புல பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் பொதுவா வரும். ஆனா கூடவே குமட்டல், மூச்சுத் திணறல், மேல்வயித்து வலி, தாடை வலி, காரணமில்லாத அசதி வர்றது பெண்கள்கிட்ட அதிகம். இதைக் 'கேஸ்'னு நினைச்சு ஓமத் தண்ணி குடிச்சிட்டுப் படுக்கிறாங்க. வேர்வையோட, மூச்சு வாங்கறதோட வர்ற கேஸை கேஸ்னு நம்பாதீங்க. முதல்ல ஈ.சி.ஜி. தேவைன்னா 108. வயித்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

அந்த அறைக்குள்ள

எண்டோஸ்கோப்பின்னா பல பேருக்கு பயம். நடக்கிறது இதுதான். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாம போகணும். தொண்டையில மரத்துப்போற ஸ்ப்ரே. இடது பக்கமா படுக்க வச்சு, விரல் தடிமன்ல ஒரு குழாய். பார்க்க மட்டும்னா சில நிமிஷம்தான். மயக்க ஊசி இல்லாம பண்ணும்போது இளம் வயசுக்காரங்களுக்கும், பெண்களுக்கும், ஏற்கெனவே பதற்றமா இருக்கிறவங்களுக்கும் கஷ்டம் கூட தெரியுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அதனால "லேசா தூக்கத்துக்கு ஊசி உண்டா?"ன்னு கூச்சப்படாம கேளுங்க.

ஊசி போட்டா அன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒரு ஆள் வரணும். இங்கதான் நம்ம ஏரியா அக்காங்க மாட்டிக்கிறாங்க. லீவ் போட்டா சம்பளம் போகும், வீட்டுக்காரருக்கும் ஷிஃப்ட், பூந்தமல்லியிலிருந்து கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. டெஸ்ட் அடுத்த மாசம், அதுக்கு அடுத்த மாசம்னு தள்ளிப் போகும். பெண் டாக்டர் வேணும்னு சில பேர் காத்திருப்பாங்க. இந்தத் துறையில பெண்கள் இன்னும் குறைவு. கேக்குறது உங்க உரிமை, கிடைக்கலன்னா ஒரு பெண் நர்ஸ் கூட இருக்கணும்னு கேளுங்க. கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

எப்போ தள்ளிப் போடக் கூடாது

முழுங்க கஷ்டம். ரத்த வாந்தி. தார் மாதிரி கறுப்பு மலம் (இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதனால அதைச் சொல்லுங்க). காரணமில்லாம எடை குறையிறது. நிக்காத வாந்தி. காரணம் தெரியாத ரத்தசோகை. வீட்ல யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது. 40 தாண்டி புதுசா ஆரம்பிச்சு, வாரக்கணக்குல நீடிக்கிற தொந்தரவு. இதுல ஒண்ணு இருந்தாலும் மெடிக்கல் ஷாப் போதாது, டாக்டர் பார்க்கணும். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோன்னா அன்னைக்கே.

இந்த வாரம் ரெண்டு வேலை. வீட்ல தினமும் கேஸ் மாத்திரை போடுற ஆம்பளை யாருன்னு பாருங்க, எத்தனை மாசமான்னு கேளுங்க. அப்புறம், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியா, மெதுவா சாப்பிடுற அம்மாவோ அத்தையோ இருந்தா பக்கத்துல உக்காருங்க. "முழுங்க கஷ்டமா இருக்கா?"ன்னு கேளுங்க. ஆமான்னு சொன்னா, டெஸ்ட் அன்னைக்கு லீவ் போட்டுட்டு கூடப் போற ஆள் நீங்களா இருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.