சேறும் உயிருடைத்து
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வணிகத்தையும் தொழிலையும் நாடி வந்த நாம் இக்காயற்கரையில் வாழ்கிறோம். நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. வற்றியபின் வெளிப்படும் சேற்றைக் கண்டு நம்மில் பலர் முகஞ்சுளிப்பதுண்டு. பகற்பொழுதில் அச்சேற்றைச் சற்றே உற்று நோக்கினால், பொன்னும் பழுப்பும் கலந்த படலம் ஒன்று அதன்மேல் ஆங்காங்கே படர்வதைக் காணலாம்.

அப்படலம் டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் கூட்டமாகும். ஒவ்வொன்றும் ஒரே உயிரணு. சிலிக்காவாலான கண்ணாடிப் பேழையினுள் வாழ்வது. அதற்குக் காலுமில்லை, துடுப்புமில்லை. பேழையின் மெல்லிய பிளவு வழியே பசையைச் சுரந்து, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு வழுக்கிச் செல்கிறது. ஒரு மயிரிழையின் பருமனைக் கடக்கவே அதற்குப் பல நொடிகள் ஆகும்!

இப்பயணம் எதற்காக? உணவு ஆக்குவதற்கு ஒளி வேண்டும். சேற்றிலோ ஒரு நெல்மணியின் நீளத்திற்குக் கூட ஒளி புகாது. ஆதலின் பகலில் நீர் வற்றியதும் அவை மேலேறுகின்றன. ஓதம் வருமுன் உள்ளிறங்குகின்றன. வெயில் மிகக் கடுமையாயினும், சேறு உலரினும் இறங்கி மறைகின்றன. ஓதமே இல்லாத ஆய்வுக்கூடத்தில் வைத்தபோதும், சிலவகைப் பாசிகள் சில நாட்கள் வரை பழைய வேளைப்படியே ஏறி இறங்குவதை அறிஞர் கண்டுள்ளனர்.

நம் காயலில் அவற்றிற்குச் சோதனைகள் பல. மழைக்காலத்தில் பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் வெள்ளத்தைக் கொணர்ந்து நீரின் உப்பை வெகுவாகக் குறைக்கின்றன. கலங்கல் ஒளியை மறைக்கிறது. கோடையில் உப்பு மீள்கிறது. இவையெல்லாம் இயற்கையின் மாற்றங்கள். பாசிகள் அவற்றிற்கேற்ப வாழப் பழகியவை.

நாம் வீசும் பிளாஸ்டிக் பைக்கு அவை பழகவில்லை. பை மூடிய சேற்றில் ஒளியில்லை, ஒளியின்றேல் பாசியில்லை. காற்றற்றுக் கறுத்து அச்சேறு நாறத் தொடங்குகிறது. இவ்வூரார் 'திருத' என்றழைக்கும் மடவை மீன் இப்பாசியையும் மேய்ந்தே வளர்கிறது. பாசியின் பசையோ வண்டலைப் பிணித்து, நீர் அரிக்காமல் காக்கிறது. ஆகவே சேற்றை மூடுவது மீனவர் கலத்திலும் நம் இலையிலும் கைவைப்பதாகும்.

வேம்பநாட்டுக் காயற்பரப்பு 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அப்பெருமையைக் காப்பது ஆட்சியாளர் கடமை மட்டுமன்று. நம் இல்லத்துக் குப்பை வாய்க்காலிற் சேராதவாறு காப்போம். நம் மக்களுக்கும் கற்பிப்போம். வந்தாரை வாழவைக்கும் இவ்வூருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழ்விக்கும் நாடு!