கிளிக்கு எது நிலம்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியப் பொருளதிகாரத்தில், அகத்திணையியலில், கருப்பொருள் பற்றிய பகுதியில் ஒரு சிறு நூற்பா உண்டு. பூவும் பறவையும் எந்த நிலத்துக்கு உரியனவாயினும், தம் நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராதபோதும், வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. திணைமயக்கத்தைக் கற்பிக்கும்போது வகுப்பறையில் இந்நூற்பா பெரும்பாலும் போகிற போக்கில் சொல்லப்பட்டுவிடும். செய்யுளில் ஒரு பறவை இடம் மாறி நின்றால் அதனைப் பிழையென்று தள்ளாமலிருக்கப் புலவர்க்குத் தரப்பட்ட சலுகை என்ற அளவில் அது நின்றுவிடும். ஆனால் இன்று உலகின் பல மாநகரங்களில் நிகழும் ஒரு செய்தியை அருகில் வைத்துப் பார்த்தால், இலக்கணத்துக்கு அப்பாலும் அந்நூற்பா ஒரு வினாவை எழுப்புவது புலனாகும். ஒரு பறவைக்கு எது நிலம்? பிறந்த இடமா, வந்த இடமா?

இவ்வினாவைக் கேட்பதற்குத் தூத்துக்குடி பொருத்தமான ஊர். இக்கரையில் துறைமுகமே இடம் மாறியிருக்கிறது. யவனர் கொல்கோய் என்று குறித்த கொற்கை, பாண்டியரின் முத்துத்துறையாக இருந்த காலத்தில் கடலோரத்தில் நின்றது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து, இன்று கொற்கை கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் ஓர் ஊர். கொற்கைக்குப் பின் காயலும், காயலுக்குப் பின் தூத்துக்குடியும் துறைகளாயின. கடலடியிலும் இதே கதைதான். முத்துச்சிப்பியின் குஞ்சுகள் நீரோட்டத்தில் நாள்கணக்கில் மிதந்து சென்று, எந்தப் பாரில் ஒட்டிக்கொள்கின்றனவோ அதுவே அவற்றின் இடமாகிறது. 1961இல் இக்கடலில் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. அதுவரை முத்துக்குளித்த மக்கள் ‘இந்தச் சிப்பி எந்தப் பாரில் பிறந்தது’ என்று கேட்டதில்லை. எந்தப் பாரில் கிடைக்கிறது என்பதே அவர்களது கவலை.

இனி அந்தப் பறவைக்கு வரலாம். பறவை நூல்களில் செந்தார்ப் பைங்கிளி என்று வழங்குவது ஊரார் அனைவரும் அறிந்த பச்சைக்கிளியே. ஆண்கிளியின் கழுத்தில் கறுப்பும் செம்மையுமான ஆரம் இருக்கும். பெண்கிளிக்கு அது இல்லை. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் நிலப்பட்டையும் இந்தியத் துணைக்கண்டமும் இதன் தாயகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் உள்ளினத்துக்குக் கீழலகு கறுத்திருக்கும். வடக்கத்திக் கிளிக்கு அதுவும் சிவப்பு. இந்தத் தென்னாட்டுக் கிளிக்கு 1800இல் ஓர் ஐரோப்பிய அறிஞர் இட்ட இலத்தீன் பெயர், அது தானாக வாழாத மணிலா நகரத்தின் பெயர். கூண்டிலேறிப் போன பறவைக்கு ஊர்ப்பெயரும் தவறிப்போனது. அதன் உண்மையான முகவரியைத் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் காணலாம். கொண்டையிழந்து பட்டுப்போன மொட்டைப்பனையின் பொந்துதான் அது.

இந்தக் கிளி கடல் கடந்த வரலாறு பழையது. கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தில் பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் டெசியாஸ், இந்திய மொழியை மனிதனைப்போலப் பேசும் பறவையொன்றைக் குறித்திருக்கிறார். கற்பித்தால் அது கிரேக்கமும் பேசும் என்கிறார். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் கிளியைப் பெரும் வியப்பாக வருணித்தார். ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் எழுதிய ஏரியன், ‘கிளிகளைப் பல முறை பார்த்துவிட்டேன், இதில் வியக்க ஒன்றுமில்லை’ என்ற பொருள்பட எழுதி அந்த வருணனையைக் கடந்துவிடுகிறார். இடைப்பட்ட காலத்தில் கிளி அங்கே எவ்வளவு பழகிப்போயிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. கொற்கை முத்து ரோமப் பெண்டிர் கழுத்தில் ஏறிய அந்த நூற்றாண்டுகளில், பேரரசரை வாழ்த்தும் பச்சைப் பறவையைப் பற்றி பிளினியும் எழுதினார்.

ஆயினும் அவை கூண்டுக்கிளிகள். கூட்டமாய்த் தழைத்த காட்டுக்கிளிகள் அயல் நகரங்களில் தோன்றியது அண்மைக்காலச் செய்தி. இங்கிலாந்தில் 1855இல் நார்ஃபோக்கில் கிளி கூடு வைத்ததாகப் பதிவு உண்டு. எனினும் இலண்டனைச் சூழ்ந்து அவை நிலைபெற்றது 1970ஐ ஒட்டித்தான். 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி பிரித்தானியாவில் கூடு வைக்கும் இணைகள் ஏறத்தாழ 8,600. பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் 1974இல் ஒரு கேளிக்கைப் பூங்காவினர், நகருக்கு வண்ணம் சேரட்டும் என்று நாற்பது கிளிகளைத் திறந்துவிட்டனர். இன்று அங்கு ஏறத்தாழப் பத்தாயிரம். சப்பான் தலைநகர் தோக்கியோவிலும் 1960களின் இறுதி தொட்டுக் கிளிகள் உண்டு. அங்கே தழைத்திருப்பது கீழலகு கறுத்த தென்னாட்டு உள்ளினம் என்பது தமிழர்க்குத் தனிச் செய்தி. தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில், கிங்கோ மரங்களில், பல ஆண்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மாலைதோறும் அடைந்தன.

இவை எப்படிப் போயின? இலண்டன் மக்கள் கதை சொல்வர். 1951இல் ஒரு திரைப்படத்துக்காகக் கொண்டுவந்த கிளிகள் தப்பின என்பது ஒரு கதை. கித்தார்க் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் ஓரிணையைப் பறக்கவிட்டார் என்பது மற்றொன்று. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிளிகள் காணப்பட்ட இடங்களையும் ஆண்டுகளையும் வரைபடத்தில் வைத்து இரண்டுமே பொருந்தாதெனக் காட்டியது. உண்மையான விடையில் கதைச்சுவை இல்லை. பல வீடுகளிலிருந்து, பல ஆண்டுகளாக, ஒன்றும் இரண்டுமாகத் தப்பியவையும் கைவிடப்பட்டவையுமே பெருகின. 1929-30இல் கிளிக்காய்ச்சல் என்னும் நோய் பற்றி நாளேடுகள் அச்சமூட்டியபோது, வளர்த்தவர்களே கூண்டைத் திறந்துவிட்டிருக்கலாம் என்றும் அவ்வாய்வு கருதுகிறது. 2015இல் வந்த மரபணு ஆய்வொன்று, ஐரோப்பியக் கிளிகளில் பெரும்பான்மை பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளின் வழிவந்தவை என்றது. குளிர் பழகிய இமயச் சாரலின் கிளிக்கு இலண்டன் பனி பெரிதாகத் தோன்றவில்லை. வீட்டுத் தோட்டங்களில் பறவைகளுக்கென்று வைக்கும் தீனியும், பூங்காக்களில் பொந்துள்ள முதுமரங்களும் அதற்குத் துணைநின்றன.

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்தினால் தொல்காப்பியர் வாக்கு வென்றது என்று மகிழலாம். வந்த நிலம் கிளியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்நிலத்தில் முன்னரே குடியிருந்தவை உண்டு. கிளி தானாகப் பொந்து குடைவது அரிது. இருக்கும் பொந்தைத் தேடி, ஐரோப்பியப் பறவைகள் பல கூடு வைக்கும் காலத்துக்கு முன்பே இடம் பிடித்துவிடும். பெல்ஜியத்தில் ‘நட்ஹேச்’ என்னும் சிறு பறவை இவ்வாறு பொந்திழந்ததை ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஸ்பெயினின் செவில் நகரப் பூங்கா ஒன்றில், ஐரோப்பாவின் மிகப்பெரிய வௌவாலினம் தங்கும் மரங்கள் பதினான்கு ஆண்டுகளில் 81 விழுக்காடு குறைந்தன. கிளிகள் அவ்வௌவால்களைத் தாக்கிக் கொன்றதும் பதிவாகியுள்ளது.

தமிழர் குடியேறிய தீவுகளிலும் இக்கதை உண்டு. மொரீசியசில் 1886ஐ ஒட்டிப் பச்சைக்கிளி புகுந்தது. அத்தீவுக்கே உரிய மற்றொரு கிளியினம், காடழிப்பால் நலிந்து, 1980களில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குத் தேய்ந்தது. எஞ்சிய பொந்துகளுக்கும் வந்த கிளி போட்டியிட்டது. பின்னர் மனிதர் அரிதின் முயன்று அவ்வினத்தை நூற்றுக்கணக்கில் மீட்டனர். செசெல்சு நாட்டில், பிரலின் தீவின் கருங்கிளியைக் காப்பதற்காக மாகே தீவிலிருந்த பச்சைக்கிளிகள் அனைத்தையும் ஒழிக்க முடிவு செய்யப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. கடைசிக் கிளி 2017இல் சுடப்பட்டது.

இங்கே கவிதையின் நூற்பா போதுமா என்ற வினா எழுகிறது. வருகையில் வகைகள் உண்டு என்பதே இதற்கு விடை. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பூநாரைகள் வருகின்றன. அவை தம் சிறகால் வந்து, பருவம் முடிந்ததும் தம் சிறகால் மீளும். துறைமுகங்களில் கப்பலேறிய காக்கை உண்டு. நெதர்லாந்தின் ஹூக் ஃபான் ஹோலண்ட் துறையில் 1994இல் தென்பட்ட இந்தியக் காக்கைகள் அவ்வாறு போனவையே என்பர். கிளியின் பயணம் இவ்விரண்டும் அன்று. கண்ணியில் பட்டு, சிறகு வெட்டப்பட்டு, விலைபோய், சலித்தபின் கைவிடப்பட்ட பறவை அது. 1984க்கும் 2007க்கும் இடையே இவ்வினம் மட்டும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஐரோப்பாவுக்குள் இறக்குமதியாயிற்று. ஆகவே ‘வந்த’ பறவை என்று கிளியைச் சொல்லும்போதே அதனைக் கொண்டுபோனவரின் கை மறைந்துவிடுகிறது. பொந்திழந்த சிறு பறவைக்கும் சுடப்பட்ட கிளிக்கும் பொறுப்பு அந்தக் கையினுடையது. தொல்காப்பியர் நிலத்தைச் சொன்னார்; கூண்டைச் சொல்லும் கடமை இன்றைய கவிஞனுக்கு எஞ்சியிருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அயல் பறவை, வந்தேறிப் பறவை என்று பேசத் தொடங்கிய நாக்கு, மெல்ல மனிதரையும் அவ்வாறு பேசத் துணியும். ஊரிழந்து கடல் கடந்த வரலாறுடைய தமிழர் இதனை எளிதில் உணர்வர். கிளியால் நேரும் தீங்கைப் பொந்துகளை எண்ணிக் கணக்கிடலாம். அதற்கேற்ற பரிகாரமும் தேடலாம். அந்தக் கணக்கை மனிதர்மேல் ஏற்றுவது உவமையின் அத்துமீறல்.

மறுபக்கத்திலும் ஓர் அத்துமீறல் உண்டு. இலண்டனில் வாழும் தமிழ்க் கவிஞர் பனி படிந்த கிளையில் பச்சைக்கிளியைக் கண்டால், உடனே அதைத் தம் ஊர் ஏக்கத்துக்குக் குறியீடாக்க மனம் விழையும். அக்கிளிகளுள் மிகப்பெரும்பான்மை அங்கேயே முட்டையிலிருந்து வெளிவந்தவை. அவற்றுக்கு மீளவேண்டிய ஊர் வேறில்லை. அவற்றின் கூவலில் ஏக்கத்தைக் கேட்பது கவிஞரின் செவியே. இந்த இடத்தில்தான் தொல்காப்பிய நூற்பா முழு வலிமையோடு பொருந்துகிறது. அது இலண்டனின் கிளி. அந்த மண்ணின் கருப்பொருளாக அதனை எழுதும் கவிதை பிழையாகாது. பழைய குறிஞ்சியைப் பனியில் ஒட்டவைக்கும் கவிதையைவிட உண்மையானதாகவும் இருக்கும்.

தமிழ் மரபு கிளியை ஒரே கண்ணால் பார்த்ததில்லை. குறிஞ்சிப் பெண் பரண்மீதிருந்து குளிரும் தட்டையும் ஒலித்துத் தினைக்கதிரைத் தின்னவரும் கிளியை ஓட்டினாள். அதே பெண்ணுக்குக் கிளி உள்ளவரை புனங்காவல் உண்டு. காவல் உள்ளவரை தலைவனைக் காணும் வாய்ப்பும் உண்டு. பகையும் துணையும் ஒரே பறவையில் இருந்தன. பிற்காலத்தார் கிளியை ஆண்டாள் கையிலும் மீனாட்சி கையிலும் வைத்தனர், தூதும் விட்டனர். தூது சென்ற கிளி மறுமொழியோடு மீளவேண்டும் என்பது அவ்விலக்கிய வகையின் எதிர்பார்ப்பு. உலக நகரங்களில் இன்று வாழும் கிளிகள் செய்தி எதுவும் கொடுக்கப்படாமல் அனுப்பப்பட்ட தூதுகள். அவை மீளா. அவற்றிடம் மறுமொழி கேட்கும் உரிமையும் அனுப்பியவர்க்கு இல்லை.

ஆனால் இங்கிருக்கும் கிளிக்குச் செய்யத்தக்கது உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். இருந்தும் சோதிடச் சீட்டெடுக்கும் கிளியைக் கண்டு இரங்கிக் கவிதை எழுதுவோர், தம் வீட்டுத் திண்ணையில் தொங்கும் கூண்டை மறந்துவிடுவதுண்டு. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. பட்டுப்போன மொட்டைப்பனையோ விறகாகவும் செங்கற்சூளைக்கு இரையாகவும் எளிதில் சாய்கிறது. பதநீர் தராத, நுங்கு தராத அம்மரத்தின் உச்சிப் பொந்தில் ஒரு குடும்பம் வளர்வதைச் சாய்ப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் எத்தனையோ கிளிகளைப் பாடியிருப்பர். அடுத்த கவிதைக்கு முன், ஒரு காலைப்பொழுதில் தேரிக்காட்டுக்குச் சென்று ஒரு மொட்டைப்பனையின் அடியில் நின்று பார்க்கலாம். கீழலகு கறுத்த பறவையொன்று பொந்திலிருந்து தலைநீட்டும். அதன் இனத்தார் கிங்கோ மரத்திலும் வாழ்கின்றனர். அவர்களுக்கு அதுவே நிலம். இதற்கு இந்தப் பனையே நிலம். இந்தப் பனை நிற்குமா என்பது இவ்வூராரின் கையில் இருக்கிறது.