வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, "காயின் வாங்கினா மாசா மாசம் பணம் வருதாமே, சேரலாமா?" என்று கேட்கிறார்கள். அதைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் நம் குழுக் கணக்கைப் பாருங்கள். உள்கடன் வாங்கிய அக்கா மீன் விற்கிறார், இட்லிக் கடை போடுகிறார். அந்த வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வட்டி கட்டுகிறார். வட்டி எங்கிருந்து வந்தது என்று நோட்டில் காட்ட முடியும்.

2022-ல் நம் சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் மீது வழக்கு வந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கினார்கள் என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சொல்லும் கணக்கு. லட்ச ரூபாய்க்கு மாதம் முப்பதாயிரம்! எந்த வியாபாரத்தில் இது கிடைக்கும்? இப்படிப்பட்ட திட்டங்களில் பிறகு சேருகிறவர் பணத்தைத்தான் முன்னால் சேர்ந்தவருக்கு வட்டி என்று தருவார்கள். புது ஆள் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

காயின் மோசடியும் இதே கதைதான். பிட்காயின் என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. ஆனால் அதன் விலை ஏறும், இறங்கும். மாதம் இவ்வளவு என்று யாரும் உறுதி தர முடியாது. ரிசர்வ் வங்கி 2013-லேயே எச்சரித்தது. 'கெயின் பிட்காயின்' என்ற திட்டத்தில் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்னார்கள். பிறகு, தாங்களே உண்டாக்கிய வேறு காயினைக் கொடுத்தார்கள். நடத்தியவர் 2018-ல் கைதானார்.

இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வருகிறார்கள். முதலில் ஐந்நூறு, ஆயிரம் திருப்பித் தருவார்கள். நம்பிக்கை வந்ததும் பெரிய தொகை கேட்பார்கள். போனில் லட்சக்கணக்கில் லாபம் தெரியும். எடுக்கப் போனால், "வரி கட்டுங்க, அப்பதான் வரும்" என்பார்கள். அதையும் கட்டினால் அதுவும் போச்சு.

நமக்கு இன்னொரு ஆபத்து உண்டு. குழுவில் ஒருவர் சொன்னால் பத்துப் பேர் நம்புவோம். அதனால்தான் "ஆள் சேர்த்தா கமிஷன்" என்று நம்மைத் தேடி வருகிறார்கள். பணம் போவதோடு, பக்கத்து வீட்டு உறவும் போகும். கமிஷனுக்காக உங்கள் வங்கிப் பாஸ்புக்கையோ ஏ.டி.எம். கார்டையோ கொடுத்தால், போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இந்த மாதக் கூட்டத்தில் எல்லாக் குழுக்களும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை:

1. குழுக் கடனை இப்படிப்பட்ட எதிலும் போடக் கூடாது.
2. கூட்டத்தில் ஆள் சேர்க்க யாரையும் அனுமதிக்கக் கூடாது.
3. ஓ.டி.பி., வங்கிக் கணக்கு, சிம் கார்டு யாருக்கும் தரக் கூடாது.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. நிதி நிறுவனம் ஏமாற்றினால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். முதலீட்டாளர் பணத்தைக் காக்க 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். ஏமாந்தவர் குற்றவாளி இல்லை. குழுவில் சொல்லுங்கள், கூட வருவோம்.